அரசுத் தரப்புத் தண்ணீர்

உப்பூரணியில் மழை பெய்து மூன்று வருஷமாகி, ஊர்க் கிணறுகளெல்லாம் கடலோடு சம்பந்தம் பேசி முடித்து, நகராட்சிக் குழாயில் ஒன்பது நாளைக்கு ஒருமுறை காற்றும் பதினெட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரும் வந்துகொண்டிருந்த ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், அரசு வக்கீல் பூவலிங்கத்தின் இரும்பு பீரோவுக்குள் இருந்த கொலைக் கேஸ் கட்டு ஒழுக ஆரம்பித்தது.

முதலில் பார்த்தவர் குமாஸ்தா நாகூர்கனி. பீரோவின் கீழ்விளிம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கி, தரையில் ஓடி, வக்கீலின் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்து, தான் டீயைக் கொட்டிவிட்டதாக எண்ணி ஒருமுறை மன்னிப்பும் கேட்டுவிட்டார். பிறகுதான் பீரோவைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த அந்தக் கட்டைத் தூக்கி, அதன் மூலையிலிருந்து வடிந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"சார்," என்றார். "நல்ல தண்ணி சார்."

உப்பூரணியில் அந்த வார்த்தையைக் கேட்டுப் பல மாதமாகியிருந்தது. பூவலிங்கமும் தொட்டு நாக்கில் வைத்தார். இளநீருக்கும் ஊற்றுத் தண்ணீருக்கும் நடுவில் ஒரு ருசி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாகூர்கனி போய்ப் பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கொண்டுவந்து கட்டுக்கு அடியில் வைத்தார். வேறென்ன செய்வது?

பூவலிங்கத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கட்சியில் அவருக்கு ஒரு சித்தப்பா இருந்ததால், பதினாறு வருஷமாக உப்பூரணி செஷன்ஸ் கோர்ட்டில் அவரே அரசு வக்கீல். பொய் சொல்லாதவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பொய் சொல்வது எதிர்த்தரப்பு வக்கீலின் வேலை, அரசு வக்கீல் உண்மையை மட்டுமே சொல்வார், எந்த உண்மையைச் சொல்வது என்பதை மட்டும் இன்ஸ்பெக்டரோடு கலந்து பேசி முடிவு செய்வார். இந்த ஏற்பாட்டில் ஏதோ இடிக்கிறது என்று எப்போதாவது குளிக்கும்போது தோன்றும். துவட்டும்போது சரியாகிவிடும்.

ஒழுகிய கட்டு வழிவிட்டானுடையது. வழிவிட்டான் கரிமூட்டம் போடுகிறவன். கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, புகைய விட்டுக் கரியாக்குகிறவன். அவனிடம் கரி வாங்கும் வியாபாரி ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிவாக்கில் ஓடைக்கரையில் தலையில் அடிபட்டுச் செத்துப்போனார். முந்தின வாரம் வழிவிட்டான் அவரோடு எடை விஷயமாகச் சண்டை போட்டதை ஊரே பார்த்திருந்தது. போலீசுக்கு அது போதும். பதினாலு மாதமாக அவன் மதுரை ஜெயிலில் இருந்தான்.

அந்தச் சாயங்காலம் தான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்ததாகவும், மடியில் ஓர் ஆட்டுக்குட்டி இருந்ததாகவும் அவன் சொன்னான். எந்த பஸ், யார் கண்டக்டர் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்காக வாதாடிய வக்கீல் இன்னாசிமுத்து பஸ் டிப்போவுக்கு நாலு தடவை நடந்தார். அந்த வாரத்து ரெக்கார்டைக் கரையான் தின்றுவிட்டது என்று நாலு தடவையும் சொன்னார்கள்.

ஆனால் கண்டக்டர் இருந்தார். கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். போவதற்கு முன்னால் போலீஸ் அவரை ஒரு தடவை விசாரித்து, அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஏழேகால் மணிக்கு, ஓடைக்கரைக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஆட்டுக்குட்டியோடு ஓர் ஆள் தன் பஸ்ஸில் இருந்தான், குட்டிக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னதற்கு மடியில் உட்கார்ந்து வருகிற பிள்ளைக்கு ஏது டிக்கெட் என்று கேட்டான், அதனால் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, போட்டோவில் இருப்பவன் அவனேதான், என்று அந்தத் தாள் சொன்னது.

"இது கேஸைக் குழப்பும் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "கட்டுலயே கெடக்கட்டும்."

கட்டிலேயே கிடந்தது. பூவலிங்கம் அதை மறைக்கவில்லை. கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மறைப்பதற்கும் கொடுக்காமலிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று அவர் மனசுக்குள் ஒரு தீர்ப்பே எழுதி வைத்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறினார். இன்னாசிமுத்து எழுந்து, என் கட்சிக்காரர் அந்த நேரத்தில் ஆட்டுக்குட்டியோடு பஸ்ஸில் இருந்தார் என்கிறேன், சரிதானே என்று கேட்டார். விசாரணையில் அப்படி எதுவும் தெரியவரவில்லை என்றார் இன்ஸ்பெக்டர், கண்ணை இமைக்காமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த நேரத்தில் பூவலிங்கம் சும்மா உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை. எழுந்தார்.

"வேணும்னா எதிர்த்தரப்பு அந்த ஆட்டுக்குட்டியைக் கூண்டுல ஏத்தட்டும், யுவர் ஆனர்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அம்மாகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்ததால் குற்றவாளிக் கூண்டில் நின்ற வழிவிட்டானும் சிரித்தான். வக்கீலய்யா ஆட்டுக்குட்டிக்காகப் பேசுகிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதற்கு அரைமணி நேரம் கழித்துத்தான் கட்டு ஒழுகத் தொடங்கியது.

பூவலிங்கம் முட்டாள் இல்லை. மறுநாளே கதவைச் சாத்திக்கொண்டு சோதித்துப் பார்த்தார். கண்டக்டர் தாளை உருவி மேஜைமேல் வெளிச்சத்தில் வைத்தால் தண்ணீர் நின்றது. திருப்பிக் கட்டுக்குள் செருகினால் ஒழுகியது. மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினால் டிராயர் ஒழுகியது. எல்லாவற்றிலும் வினோதம், அந்தத் தாள் மட்டும் நனையவே இல்லை. ஒருநாள் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். காலையில் எழுந்து பார்த்தால் அவர் மனைவி செண்பகவல்லி, குடம், அண்டா, இட்லிக் கொப்பரை, பிள்ளைகளின் பழைய தண்ணீர் பாட்டில் உட்பட வீட்டில் வாய் உள்ள பாத்திரத்தையெல்லாம் நிரப்பி வைத்துவிட்டு, கைப்பைக்குக் கீழே தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏங்க இத்தனை நாளா ஆபீஸ்ல வச்சிருந்தீங்க?" என்றார்.

என்ன தண்ணீர், ஏது தண்ணீர், எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி? இல்லை. பருப்பு மெழுகாக வெந்தது என்று மட்டும் சொன்னார்.

கேழ்வரகில் நெய் வடிகிறதென்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்பார்கள். உப்பூரணிக்காரர்கள் கிண்ணத்தை நீட்டுவார்கள். ஒரே வாரத்தில் கோர்ட் வளாகத்தில் வரிசை உண்டாகி, இடம்பிடிக்கக் கல் வைக்கும் வழக்கம் உண்டாகி, கல்லை நகர்த்திய சண்டையில் இரண்டு கேஸும் உண்டாகி, அந்த இரண்டையும் பூவலிங்கமே நடத்த வேண்டியதாயிற்று. நகராட்சியிலிருந்து ஆள் வந்து பீரோவின் பக்கவாட்டில் துளைபோட்டுப் பித்தளைக் குழாய் வைத்தார்கள். சேர்மன் அதற்கு மாலை போட்டுத் திறந்து வைத்து, இது தன் ஆட்சியின் சாதனை என்று பேசினார். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள், குடிக்கத் தகுந்தது, கோர்ட் உத்தரவு இருந்தால் விநியோகிக்கலாம் என்று பதில் வந்தது. வாசலில் இருந்த டீக்கடையில் 'கட்டுத் தண்ணீர் டீ' என்று போர்டு மாட்டினார்கள். கல்யாண மண்டபத்துக்காரர்கள் முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால் நாகூர்கனியைப் பார்த்து வழிவிட்டான் கேஸின் அடுத்த வாய்தா எப்போது என்று விசாரித்துக்கொண்டார்கள். காரணம், கேஸ் முடிந்தால் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும், தண்ணீரும் போய்விடும் என்று ஊருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. "என்னவோ இருந்துட்டுப் போகுது, அத நோண்டாதீங்க" என்று வரிசையில் ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னதை ஜன்னல் வழியாகக் கேட்டபோது, தன்னைவிடத் தெளிவாக இதை எடுத்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்று பூவலிங்கத்துக்குப் பொறாமையாக இருந்தது.

இவ்விதமாகக் கேஸ் வாய்தா வாங்கியது. சாட்சிக்குக் காய்ச்சல் என்று ஒரு வாய்தா, டாக்டருக்கு ட்ரெயினிங் என்று ஒரு வாய்தா, கோர்ட் டைப்பிஸ்ட் வீட்டில் காதுகுத்து என்று ஒரு வாய்தா. நீதிபதி அம்மாவின் குவார்ட்டர்சுக்குக் கோர்ட் டவாலி காலையில் இரண்டு குடமும் மாலையில் இரண்டு குடமும் தூக்கிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தண்ணீர் கொஞ்சம் கூடியது. ஊர் அம்மன் கோயிலில், வழிவிட்டான் கேஸ் நீண்டகாலம் நடக்க வேண்டுமென்று பொங்கல் வைத்தார்கள். பூவலிங்கத்துக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பதினாறு வருஷம் ஜெயித்த கேஸ்களுக்குக் கிடைக்காத மரியாதை, ஒரு தாளைக் கொடுக்காமல் வைத்திருந்ததற்குக் கிடைத்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். பரிவட்டம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனாலும் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. இது நியாயமா என்பதல்ல, அந்த அளவுக்கு அவர் இன்னும் போகவில்லை. தான் ஒருவன்தானா மறைக்கிறான், எதிர்த்தரப்பு வக்கீல்களெல்லாம் மறைப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்களே, அவர்கள் பீரோ ஏன் ஒழுகவில்லை என்பதுதான். ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல் இன்னாசிமுத்துவின் ஆபீசுக்குள் நுழைந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய கட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் கோடைக் கண்மாய் மாதிரிக் காய்ந்து கிடந்தன.

"என்னண்ணே தேடுறீங்க?"

"அய்யனார் கோயில் மணி திருட்டுக் கேஸ். மணி எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

இன்னாசிமுத்து சிரித்தார். "தெரியும். சொல்ல மாட்டேன்."

"அப்ப ஒம் பீரோ ஏன்யா ஒழுகல?"

இருவரும் டீக்கடைக்கு வந்தார்கள். இன்னாசிமுத்து பூவலிங்கத்தைவிட நாலு வயசு இளையவர், பிடிக்காதவர்களுக்கும் 'அண்ணே' போடுகிறவர், ஜெயித்ததைவிடத் தோற்றதை நன்றாக ஞாபகம் வைத்திருப்பவர்.

"நீங்க கேட்டதால சொல்லுறேண்ணே. மணியத் திருடுனவன் என்னைய நம்பி எங்கிட்டச் சொன்னான். பூட்டி வைக்கத்தான் எங்கிட்டச் சாவியக் குடுத்திருக்கான். நான் தொறந்துவிட்டா நாளைக்கு எவனும் எந்த வக்கீல்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டான். ஒங்க பீரோச் சாவி யாரு குடுத்தது?"

"சர்க்காரு."

"சர்க்காருன்னா யாரு? கூண்டுல நிக்கிறவனும் ஒரு ஓட்டுப் போட்டவந்தான? எனக்கு அவன் ஒருத்தன்தான் கட்சிக்காரன். ஒங்களுக்குச் செத்தவனும் கட்சிக்காரன், நிக்கிறவனும் கட்சிக்காரன். நான் ஒருபக்கமா நின்னா அது தொழிலு. நீங்க ஒருபக்கமா நின்னா ஒழுகத்தாண்ணே செய்யும்."

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் அவர் எதிர்க்கேள்வி கேட்பார், அது பழக்கம்.

"இவ்வளவு தெரிஞ்ச ஆளு, எங்கட்டுல என்ன இருக்குன்னு கேட்டு ஒரு மனு போட வேண்டியதுதான? ஒழுகுறது ஒங்கட்சிக்காரன் கட்டுன்னு ஊருக்கே தெரியும். ரெண்டு மாசமா ஏன் போடல?"

இன்னாசிமுத்து திரும்பி வரிசையைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி ஏழாவது குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"மகளுக்கு நிச்சயதார்த்தம் வருதுண்ணே," என்றார் மெதுவாக. "பந்திக்குத் தண்ணி வேணும். அது முடியட்டும்னு..."

இருவரும் டீயைக் குடித்தார்கள். நல்ல டீ. அதே தண்ணீர்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் தினமும் நின்றாள். அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று ஊர் வைத்திருந்தது. கொலைகாரன் பெண்டாட்டிக்குப் பின்னால் நின்றால் குடத்துக்குத் தீட்டு. ஐந்தரை மணிக்கு ஆபீசைப் பூட்டும்போது அவளுக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவள் காலிக் குடத்தோடு திரும்பிப் போவாள். பெயர் இருளாயி. பன்னிரண்டு நாள் பூவலிங்கம் இதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். புருஷனைத் திருப்பித் தரக்கூடிய தாள் சுரக்கிற தண்ணீர், ஊருக்கெல்லாம் கிடைத்து அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்பதை அவரால் சகித்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய மனசாட்சி அப்படிப்பட்டது. தாளைக் கொடுக்கச் சொல்லாது, தண்ணீரைக் கொடுக்கச் சொல்லும். பதிமூன்றாம் நாள் பூட்டின கதவைத் திரும்பத் திறந்து, அவள் குடத்தை வாங்கித் தானே பிடித்துக்கொடுத்தார்.

"நீங்க நல்லா இருக்கணும் அய்யா," என்றாள் இருளாயி. "ஒரு பாட்டிலும் புடிச்சுத் தாங்க. திங்கக்கெழம ஜெயிலுக்கு மனு பாக்கப் போறேன். அவுகளுக்கும் ஒரு வாய் குடுத்துட்டு வாரேன்."

புதன்கிழமை காலையில் அவள் ஆபீஸ் வாசலில் நின்றாள், குடமில்லாமல்.

"குடுத்தேன் அய்யா. காவலுக்கு நின்னவரு நல்ல மனுசன், விட்டாரு. ஒரு மொடக்குக் குடிச்சாக, அப்புறம் பாட்டில மோந்து பாத்தாக. இதுல ஆட்டுக்குட்டி வாசம் அடிக்குதேங்குறாக. நல்ல தண்ணிதான, குடிங்கன்னேன். இல்ல புள்ள, எங்குட்டி வாசம் எனக்குத் தெரியாதான்னு பாட்டில நெஞ்சுல வச்சுக்கிட்டு அழுறாக." இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஜெயில்ல கெடந்து கெடந்து புத்தி பெரண்டு போச்சு போலருக்கு. எம்புட்டு நாளு ஆகும்னு கேக்கத்தான் வந்தேன்."

பூவலிங்கம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கே பிறகு ஞாபகமில்லை, அநேகமாக 'சட்டப்படி' என்ற வார்த்தை அதில் இருந்திருக்கும். அவள் போனபிறகு மேஜைமேல் இருந்த தம்ளரை எடுத்து முகர்ந்தார். பால்மணமும் புல்மணமும் மயிர்மணமும் கலந்த குட்டியாட்டின் வாசம் தம்ளருக்குள் குடியிருந்தது. இரண்டரை மாதமாக ஊரே குடித்த தண்ணீர், ஒருத்தருக்கும் தெரியாத வாசம்.

அன்றிலிருந்து அவரால் அதைக் குடிக்க முடியவில்லை. காப்பியில் ஆடு, ரசத்தில் ஆடு, சாமி தீர்த்தத்தில் ஆடு. "ஊரே குடிக்குது, ஒங்களுக்கு மட்டும் என்ன கொள்ளை?" என்றார் செண்பகவல்லி. அவர் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, உதடு வெடித்து, சாப்பாட்டு இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குள்ளேயே கேஸ் நடத்தினார். அரசுத் தரப்புப் பூவலிங்கம் எழுந்து, அறுநூறு குடும்பத்தின் தாகமா, ஒரு கரிமூட்டக்காரனா என்று கேட்டார். எதிர்த்தரப்புப் பூவலிங்கம் எழுந்து, அறுநூறு குடும்பமும் உம்மிடம் தண்ணீர் கேட்டதா, நீர்தானே ஒழுகினீர் என்றார். எதிர்த்தரப்புப் பூவலிங்கம் நல்ல வக்கீல். இவ்வளவு நாளும் இப்படியொருவர் உள்ளே தொழிலில்லாமல் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாமல் போயிற்று.

கடைசி விசாரணைக்கு நாள் வந்தது. ஆனிமாசத்து வெயிலில், ஊர்ப் பெண்களெல்லாம் இடுப்பில் காலிக் குடத்தோடு கோர்ட்டுக்குள் நிறைந்து நின்றார்கள். சேர்மன், பொதுநலன் கருதி வழக்கை ஒரு வருஷம் ஒத்திவைக்கும்படி விண்ணப்பம் கொண்டுவந்திருந்தார். நாகூர்கனி ஒழுகும் கட்டை வாளியோடு சேர்த்துத் தூக்கிவந்து மேஜையில் வைத்தார். நிச்சயதார்த்தம் முடிந்து நாலு நாளாகியிருந்தும் இன்னாசிமுத்துவின் கையில் மனு எதுவும் இல்லை.

"அரசுத் தரப்பில் இன்னும் ஏதாவது உண்டா?" என்று நீதிபதி அம்மா கேட்டார். அது வழக்கமான கேள்வி. இல்லை என்பது வழக்கமான பதில்.

பூவலிங்கம் எழுந்தார். வாய் உலர்ந்திருந்தது. "ஒண்ணு உண்டு, யுவர் ஆனர்," என்றார். பிறகு கட்டுக்குள் கைவிட்டு அந்தத் தாளை எடுத்து, வழக்கப்படி முதலில் எதிர்த்தரப்பு வக்கீலிடம் நீட்டினார். "இது பதினாறு மாசமா எங்கிட்ட இருந்துச்சு. போலீஸ்தான் வைக்கச் சொன்னதுன்னு சொல்லலாம். ஆனா சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு."

இன்னாசிமுத்து படித்தார். "இத நான் கேட்டிருக்கணும்," என்றார், யாரிடமென்றில்லாமல்.

மேஜைமேல் கட்டு ஒழுகுவது நின்றுபோயிற்று. கடைசிச் சொட்டு வாளியில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, "பாவி மனுசன், நிப்பாட்டிட்டாரே" என்றாள்.

கோயம்புத்தூரிலிருந்து கண்டக்டர் வந்தார். கூண்டில் ஏறி, குட்டிக்கு டிக்கெட் கேட்டது என் தப்புதானுங்க என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வழிவிட்டான் விடுதலையானான். இன்ஸ்பெக்டருக்கு மெமோ வந்தது, பூவலிங்கத்திடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. ஊர் கல்லெறியவில்லை. அவர் வீட்டு வாசலில் தினமும் விடியும்போது காலிக் குடங்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர் அவற்றைத் தாண்டித் தாண்டி ஆபீசுக்குப் போனார். பரிவட்டத்தைக் கோயிலில் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். செண்பகவல்லி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினார். "வேற கேஸ் எதுவும் இல்லையா?" என்றார்.

மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் குடங்கள் இல்லை. ஊர் மன்னித்துவிட்டது என்று பூவலிங்கம் நினைத்தார். மனுஷன் திருந்தினால் உலகம் புரிந்துகொள்ளாமலா போகும் என்று நினைத்தார். சற்று நிமிர்ந்துகூட நடந்தார். கோர்ட் வளாகத்துக்குள் திரும்பியபோது வரிசை நின்றிருந்தது.

நாகூர்கனி ஓடிவந்தார். "சார், கீழ்த்தட்டு ஒழுகுது. ரெக்கார்டு ரூமுக்குப் போகாம தங்கிப்போன பதினோரு வருஷத்துக்கு முந்துன கட்டு. இசக்கியம்மான்னு ஒரு பொம்பள. மாமியாருக்கு வெசம் வச்ச கேஸ். ஆயுள் தண்டனை."

அந்தக் கேஸ் ஜெயித்ததற்கு வந்த பாராட்டுக் கடிதம் கண்ணாடி போட்டு அவர் நாற்காலிக்கு மேலேயே மாட்டியிருந்தது. அதில் எதையாவது மறைத்ததாக அவருக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வழிவிட்டான் தாளாவது குளிக்கும்போது உறுத்தியது. இது உறுத்தவே இல்லை. உறுத்தாமலே பதினோரு வருஷம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்ததும் அவர் ஆபீசுக்குள் போய், பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வரிசையில் மூன்றாவது ஆள் வழிவிட்டான். பக்கத்தில் இருளாயி. இப்போது அவர்களுக்கு முன்னிடம் கிடைத்திருந்தது.

"நீயுமாய்யா?" என்றார் பூவலிங்கம்.

வழிவிட்டான் தலையைக் குனிந்துகொண்டான். "வீட்ல சொட்டுத் தண்ணி இல்லங்கய்யா."

அவன் முறை வந்தது. குழாய்க்கு அடியில் குடத்தை வைக்கப் போனவன், கையில் கொஞ்சம் ஏந்தி, மூக்கருகே கொண்டுபோய், அப்படியே நின்றான். பின்னாலிருந்தவர்கள் முடுக்கினார்கள். அவன் நகரவில்லை.

"அய்யா, இதுல ஆடு இல்ல," என்றான். "தாய்ப்பால் வாசம் அடிக்குது. இந்தப் பொம்பள உள்ள போகையில கைப்புள்ளக்காரியா இருந்தாளா?"

யாருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருத்தி, "வாசம் கெடக்கட்டும், வரிசை நகரட்டும்" என்றாள், ஆனால் அவளும் தன் குடத்தை முன்னால் நீட்டவில்லை. வழிவிட்டான் கையிலிருந்ததைக் குடிக்காமல், கொட்டவும் மனசில்லாமல், ஏந்தியபடியே ஓரமாகப் போய் நின்றான். இருளாயி காலிக் குடத்தை எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் இன்னாசிமுத்து வந்தார், மூச்சிரைக்க, ஒரு கையில் மனுவும் இன்னொரு கையில் குடமுமாக.

"அந்தக் கேஸ்ல தோத்தது நான்தாண்ணே," என்றார். "எனக்கு அவளையும் ஞாபகம் இருக்கு, பிள்ளையையும் ஞாபகம் இருக்கு. கோர்ட் வராந்தாவுல வச்சுத்தான் பால் குடுப்பா. கட்டுல உள்ளதையெல்லாம் குடுக்கணும்னு மனு எழுதிக் கொண்டாந்துட்டேன்."

"குடம் எதுக்கு?"

இன்னாசிமுத்து குடத்தைப் பார்த்தார், ஏதோ அதுவாகவே கூட வந்துவிட்டது போல. "மனு எப்படியும் பதினோரு மணிக்கு மேலதான எடுப்பாங்க," என்றார். "அதுக்குள்ள ஒண்ணு புடிச்சிரலாம்னு வீட்ல குடுத்துவிட்டாங்கண்ணே."

பூவலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்ததால் சிரிக்காமல், அவர் கையிலிருந்து குடத்தைத்தான் முதலில் வாங்கினார். அதைத் தரையில் கவிழ்த்து வைத்து, அதன்முன் சப்பணம்போட்டு உட்கார்ந்து, மனுவை அதன் முதுகில் விரித்து, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே தேதி போடும்போது பதினோரு வருஷத்துக்கு முந்தின வருஷத்தை எழுதிவிட்டு, அதை அடித்து, அன்றைய தேதியை எழுதினார்.